பர்மிங்ஹாமில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு வாசகர் கூட்டத்தில் அணுகுண்டு பற்றிப் பேச்சு வந்தது. பேசியவர் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, "விஞ்ஞானி உண்மையைக் கண்டுபிடித்தான், அரசியல்வாதி அதைக் குண்டாக்கினான், கத்தியால் காய் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் கத்தியின் குற்றமா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். இதே வாக்கியத்தைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன், ஒருபோதும் உறுத்தியதில்லை. அன்று மட்டும் வீடு வந்து சேர்ந்த பிறகும் அது மனத்தைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியத்தில் ஒரு காலக்கட்டமே காணாமல் போயிருக்கிறது. கத்தி என்பது ஏற்கெனவே செய்து வைத்த பொருள், எடுப்பவன் கையில்தான் கேள்வி. 1938 டிசம்பரில் யுரேனியம் பிளந்தது என்று தெரிந்தபோது அப்படி எந்தக் கத்தியும் இல்லை. அது கத்தியாக முடியுமா என்றே ஓராண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. முடியாது என்றுதான் பெரும்பாலானவர்கள் நம்பினார்கள், அதற்கு வலுவான இயற்பியல் காரணமும் இருந்தது. பிறகு 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஃபிரிஷ், பையர்ல்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டுக் கணக்குப் போட்டார்கள். அவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலிருந்துதான் குண்டு வந்தது என்ற கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். 1905இல் வந்த அந்தச் சமன்பாடு நிறையும் ஆற்றலும் ஒன்றே என்கிறது, அவ்வளவுதான். அடுப்பில் கரி எரியும்போதும் அந்தச் சமன்பாடு பொருந்தும், அங்கேயும் கண்ணுக்கும் தராசுக்கும் எட்டாத அளவு நிறை குறையத்தான் செய்கிறது. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அது சொல்லும், பெட்டகத்தின் சாவி எங்கே என்று சொல்லாது. சாவி கிடைக்கும் என்றே பலரும் எதிர்பார்க்கவில்லை. அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டே 1933 செப்டம்பரில், அணுக்களை மாற்றி அதிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்று பேசுவது வெறும் பிதற்றல் என்கிற பொருளில் லெஸ்டர் நகரத்து மாநாட்டில் பேசினார். அதைச் செய்தித்தாளில் படித்து எரிச்சலான லியோ சிலார்ட் என்ற ஹங்கேரிய அகதி, லண்டன் தெரு ஒன்றில் சாலையைக் கடக்க நின்றபோது தொடர்வினை என்ற யோசனையை எட்டினார். அணுக்கருவில் இருக்கும் மின்னூட்டமில்லாத துகள்தான் நியூட்ரான். ஒரு நியூட்ரான் போய் ஒரு கருவில் மோதி இரண்டு நியூட்ரான் வெளியே வந்தால், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். எந்தத் தனிமத்தில் அது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அது நடந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தது. 1934இல் காப்புரிமை எழுதி, பிறகு அது வெளியே தெரியக்கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் துறைக்கே அதைக் கொடுத்துவிட்டார். இந்த ஒரு மனிதர்தான் முதலிலிருந்தே பயந்தவர்.

மற்றவர்கள் பயப்படவில்லை, பயப்படக் காரணமும் இல்லை. ரோமில் ஃபெர்மி என்ற இயற்பியலாளரின் குழு 1934இல் கைக்குக் கிடைத்த தனிமங்களையெல்லாம் நியூட்ரானால் தாக்கிப் பார்த்தது. பாரஃபின் மெழுகு வழியாக மெதுவாக்கிய நியூட்ரான்கள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன என்று கண்டது. யுரேனியத்தைத் தாக்கியபோது அதைவிடக் கனமான புதுத் தனிமங்கள் உருவாவதாக நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் யுரேனியத்தைப் பிளந்துகொண்டிருந்தார்கள். யுரேனியத்தின் இயல்பான கதிர்வீச்சு கருவியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மேலே அலுமினியத் தகடு போட்டிருந்தார்கள், பிளவில் தெறித்த துண்டுகளையும் அந்தத் தகடு மறைத்துவிட்டது. கரு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கலாமே என்று ஜெர்மனியிலிருந்து இடா நோடாக் என்ற வேதியியலாளர் அதே ஆண்டில் எழுதினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934இலேயே இது தெரிந்திருந்தால் ஹிட்லருக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பனியில் போட்ட கணக்கு

பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் 1938 டிசம்பரில், நியூட்ரானால் தாக்கிய யுரேனியத்திலிருந்து, அதில் ஏறக்குறைய பாதி எடைதான் உள்ள பேரியம் என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்துவிட்டுத் திகைத்து நின்றார்கள். அவர்கள் குழுவின் இயற்பியல் மூளை லீஸ மைட்னர். யூத வம்சாவளி என்பதால் அந்த ஜூலையில்தான் கிட்டத்தட்ட கையில் ஒன்றுமில்லாமல் ஹாலந்து வழியாகத் தப்பி சுவீடனுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது, எல்லைக் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் உதவும் என்று ஹான் தன் தாயின் வைர மோதிரத்தைக் கொடுத்து அனுப்பினார். இப்போது அதே ஹான் அவருக்குத்தான் கடிதம் எழுதுகிறார், இது எப்படி நடக்கும், விளக்கம் சொல் என்று.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மைட்னரைப் பார்க்க அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷ் வந்திருந்தார். அவரும் இயற்பியலாளர், கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் (Bohr) என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் நிறுவனத்தில் வேலை. ஃபிரிஷின் அப்பா அப்போது நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டிருந்தார். இந்த மனநிலையில் இரண்டு பேரும் குங்எல்வ் என்ற ஊரில் பனியில் நடக்கப் போனார்கள், ஃபிரிஷ் சறுக்குக் கட்டைகளோடு, சித்தி மைட்னர் வெறும் காலணியோடு ஈடுகொடுத்து. ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். கருவை ஒரு நீர்த்துளிபோல நினைத்தால், யுரேனியம் போன்ற பெரிய துளி தளும்பிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நியூட்ரான் தட்டினால் இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் போகலாம். பிரிந்த இரண்டு துண்டுகளும் நேர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும், அந்த ஆற்றல், அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகில், சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? மைட்னர் கருக்களின் நிறைகளை மனப்பாடமாக வைத்திருந்தார். இரண்டு துண்டுகளின் நிறை சேர்ந்தும் யுரேனியத்தைவிடக் குறைகிறது, ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. அதை ஆற்றலாக மாற்றினால் அதே 20 கோடி. ஒரு கரி அணு எரியும்போது கிடைப்பது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தக் காகிதத்தில் ஆயுதம் எதுவும் இல்லை. இயற்கையில் நடக்கிற ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருந்தது. இதுவரைக்கும் அந்த வாசகர் கூட்டப் பேச்சாளர் சொன்னது சரிதான்.

இயற்பியலே போட்ட தடை

1939 ஜனவரியில் நீல்ஸ் போர் இந்தச் செய்தியைக் கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், சில நாளில் ஆய்வகம் ஆய்வகமாக யுரேனியத்தைப் பிளந்து பார்த்தார்கள். மார்ச்சில் நியூயார்க்கில் சிலார்டும், பாரிசில் ஜோலியோ என்ற இயற்பியலாளரின் குழுவும், பிளவின்போது புது நியூட்ரான்கள் வெளிவருவதைக் கண்டார்கள். சிலார்ட் ஐந்து வருடமாகப் பயந்த விஷயம். இதை யாரும் பிரசுரிக்காமல் இருப்போம் என்று எல்லோரிடமும் கெஞ்சினார். ஜோலியோ ஒப்புக்கொள்ளவில்லை, ஏப்ரலில் ஒரு பிளவுக்கு எத்தனை நியூட்ரான் என்ற எண்ணோடு கட்டுரை வெளிவந்துவிட்டது. ஜோலியோவை நான் குறை சொல்லத் தயாரில்லை. கண்டதைச் சொல்வது என்பதுதான் அவர்கள் வளர்ந்த ஒழுக்கம், ரகசியம் என்பது அப்போது ஒரு விபரீத யோசனை.

ஆனால் இதே சமயத்தில்தான் எல்லோருக்கும் நிம்மதி தரும் செய்தி ஒன்றும் வந்தது. மெதுவான நியூட்ரானால் பிளவது யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட வகை, மட்டுமே என்று நீல்ஸ் போர் கண்டுபிடித்தார். தோண்டி எடுக்கிற யுரேனியத்தில் அது 0.7 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய முழுக்க யுரேனியம்-238, அது நியூட்ரானை விழுங்கி உட்கார்ந்துகொள்ளும். நியூட்ரானை மெதுவாக்கினால் தொடர்வினையை ஓட்டலாம், ஆனால் மெதுவான வினை வெடிக்காது. வேகம் எடுப்பதற்குள் சூடாகி உருகிச் சிதறி, சாதாரண வெடிமருந்து அளவுக்குமேல் எதுவும் நடக்காமல் நின்றுவிடும். இயற்கை யுரேனியத்தில் குண்டு என்றால் பல டன் வேண்டும், பாரிசில் பெரான் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கு 40 டன் அளவில் இருந்தது. அப்படி ஒன்றை எந்த விமானமும் தூக்காது. 235ஐத் தனியாகப் பிரிப்பதா? வேதியியல் முறையில் இரண்டும் ஒன்றே, நிறையில் மட்டும் நூற்றுக்கு ஒன்றரைகூட வித்தியாசம் இல்லை. ஒரு நாட்டையே தொழிற்சாலையாக்கினால்தான் முடியும் என்று நீல்ஸ் போர் சொன்னார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அணுகுண்டு வரலாறு பெரும்பாலும் மலையிலிருந்து உருண்டு வரும் பாறைபோலச் சொல்லப்படுகிறது, பெக்கரல், கியூரி, ரூதர்ஃபோர்டு, ஃபெர்மி, ஹான், ஹிரோஷிமா. நடுவில் எதுவும் நிற்கவில்லை என்பதுபோல. ஆனால் 1939இன் பிற்பாதியில் பாறை நின்றிருந்தது. செப்டம்பர் 1 அன்று ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது, அதே தேதியிட்ட இயற்பியல் இதழில்தான் பிளவு பற்றி நீல்ஸ் போரும் வீலரும் எழுதிய கட்டுரையும் வந்தது. அணுகுண்டு வரக்கூடும் என்று எச்சரித்து அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கைக்குப் போன ஐன்ஸ்டைன் கடிதம்கூட, துறைமுகத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோகும் குண்டைப் பற்றித்தான் பேசுகிறது, விமானத்துக்கு அது கனம் அதிகம் என்கிறது. அந்தக் கடிதத்தால் ஒரு குழு அமைந்தது, கொஞ்சம் பணம் வந்தது, மற்றபடி வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது.

சுத்தமான 235 இருந்தால்?

அதே ஃபிரிஷ் 1939 கோடையில் பர்மிங்ஹாமுக்குப் போனார், யுத்தம் தொடங்கிவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே பேராசிரியராக இருந்தவர் ருடால்ஃப் பையர்ல்ஸ், பெர்லினில் பிறந்த யூதர். துறைத்தலைவர் ஒலிஃபன்ட். துறை முழுக்க ரேடார் வேலையில் மும்முரமாக இருந்தது, ஆனால் அது பரம ரகசியம், எதிரி நாட்டில் பிறந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒலிஃபன்ட் சில சமயம் பையர்ல்ஸிடம் வந்து, ஒரு கடத்தியின் குழிக்குள் மின்காந்த அலைகளின் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தால் எப்படிச் செய்வாய் என்று பொதுவாகக் கேட்பாராம். எதற்கு என்று இவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆக, ரகசியமில்லாத, யுத்தத்துக்கு உதவாத வேலை என்று மிச்சமிருந்தது யுரேனியம்தான். அதனால்தான் அது இவர்கள் கைக்கு வந்தது. யார் கையில் நாட்டின் ரகசியத்தை ஒப்படைக்கக் கூடாது என்று அரசு நினைத்ததோ, அவர்கள் கையில் நாட்டின் மிகப்பெரிய ரகசியம் உருவானது.

அந்தக் குளிர்காலத்தில் ஃபிரிஷ் வேதியியல் சங்கத்துக்காக ஒரு மீள்பார்வைக் கட்டுரை எழுதினார். அணுகுண்டு சாத்தியமில்லை என்றே எழுதினார், மேலே சொன்ன காரணங்களோடு. பையர்ல்ஸும் முன்பே பெரானின் கணக்கைச் சீர்படுத்தி, தொடர்வினை தானாக ஓடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு, அதாவது மாறுநிலை நிறைக்கு, ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். அதைப் பிரசுரிக்கலாமா என்று அவர் தயங்கியபோது, தாராளமாகச் செய், குண்டு நடக்காத காரியம் என்று சொன்னவரே ஃபிரிஷ்தான்.

அப்புறம் 1940 பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஃபிரிஷ் பையர்ல்ஸிடம் கேட்டார்: யாராவது கொஞ்சம் சுத்தமான 235ஐக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

இவ்வளவுதான் கேள்வி. நீல்ஸ் போருக்கும் மற்றவர்களுக்கும் ஏன் இது தோன்றவில்லை என்றால், பிரிப்பதே கஷ்டம் என்று முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள், எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சுத்தமான 235இல் நியூட்ரானை விழுங்க 238 இல்லை. மெதுவாக்க வேண்டிய அவசியமே இல்லை, வேகமான நியூட்ரானே பிளக்கும். அப்படியென்றால் ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஆகும். எண்பது தலைமுறை இரட்டித்தால் ஒரு கிலோ யுரேனியத்தில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையை நெருங்கிவிடும், அதற்கு ஒரு மைக்ரோநொடிகூட ஆகாது. உருகிச் சிதற நேரமே கிடையாது. பையர்ல்ஸின் சூத்திரத்தில், ஒரு நியூட்ரான் 235ஐப் பிளக்கும் வாய்ப்புக்கு நீல்ஸ் போரின் கோட்பாட்டிலிருந்து ஊகித்த ஒரு மதிப்பைப் போட்டுப் பார்த்தார்கள். டன் கணக்கில் வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவாக வந்தது. யுரேனியம் மிகவும் அடர்த்தியான உலோகம், ஒரு கிலோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிப்பதற்கு என்ன வேண்டும் என்று அடுத்து பார்த்தார்கள், அப்போது தெரிந்த முறையில் ஒரு லட்சம் பிரிப்புக் குழாய்கள் போதும் போலத் தோன்றியது. போர்க்கப்பல் ஒன்றுக்கு ஆகும் செலவு ஆனாலும் செய்யத் தகுந்ததுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த எண் தப்பு என்பது கதையின் இன்னொரு பக்கம். ஊகித்த மதிப்பு சுமார் பத்து மடங்கு அதிகம், உண்மையான மாறுநிலை நிறை, நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் உறை எதுவும் சுற்றிலும் இல்லாமல், ஏறக்குறைய 50 கிலோ. ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் 64 கிலோ யுரேனியம் இருந்தது. 50 கிலோ என்ற சரியான விடை அன்றே வந்திருந்தால் அந்த இரண்டு பேரும் இவ்வளவு அவசரமாக அரசாங்கக் கதவைத் தட்டியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒரு கிலோ என்ற எண்தான் உடனே எதையாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தை உண்டாக்கியது.

அந்தக் குறிப்பில் இன்னும் என்ன இருந்தது

இதையெல்லாம் அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பாக எழுதினார்கள். ரகசியத்தைத் தட்டச்சுக்காரரிடம் கொடுக்க முடியாது என்பதால் பையர்ல்ஸே தட்டச்சு செய்தார். இரண்டு பகுதி, ஒன்று கணக்கோடு, இன்னொன்று அதிகாரிகளுக்குப் புரியும்படி. இந்த இரண்டாவது பகுதியை நான் எத்தனை முறை படித்தாலும் நிலைகுலைந்து போகிறேன். இப்படி ஒரு குண்டு சுமார் ஆயிரம் டன் டைனமைட்டுக்குச் சமம் என்கிறார்கள். வெடிப்போடு முடியாது, கதிரியக்கத் தூசு காற்றோடு பரவும், நாள் கணக்கில் அந்த இடத்துக்குள் போகிறவர்களையும் கொல்லும் என்கிறார்கள். இதற்கு எதிரே பதுங்கிடம் எதுவும் தாங்காது, ஆகவே எதிரியிடம் இது இருந்தால் நம்மிடமும் இருப்பதுதான் தடுப்பு என்கிறார்கள். பிற்காலத்தில் உலகத்தை நாற்பது ஆண்டு பிடித்து ஆட்டிய வாதம் முழுவதும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதோடு இன்னொன்றும் எழுதினார்கள்: பெரும் எண்ணிக்கையில் பொதுமக்களைக் கொல்லாமல் இதைப் பயன்படுத்த முடியாமல் போகலாம், அதனால் இது இந்த நாடு பயன்படுத்தத் தகாத ஆயுதமாக இருக்கலாம்.

ஆக, விஞ்ஞானிக்கு விளைவு தெரியாது, அரசியல்வாதி ஏமாற்றிவிட்டான் என்று இந்த இடத்தில் சொல்லவே முடியாது. ஜெனரல்கள் எவரும் கேட்காத கேள்வியை இவர்களே கேட்டு, விடை கண்டு, அதன் அறத்தையும் அதே தாள்களில் எழுதி ஒலிஃபன்ட் மூலம் மேலே அனுப்பினார்கள். அதிலிருந்து அணுகுண்டு சாத்தியமா என்று ஆராயும் பிரிட்டிஷ் மாட் குழு பிறந்தது, அதன் 1941 அறிக்கை அமெரிக்காவை உலுக்கியது, குண்டு தயாரிக்கும் மன்ஹாட்டன் திட்டம் வந்தது. மேலே போகப் போகக் கணக்கு மட்டும் வளர்ந்தது, பொதுமக்கள் பற்றிய வாக்கியத்தை வளர்க்க யாரும் இல்லை.

கணக்கு வந்த உடனே அதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று பலர் கேட்டதாக ஃபிரிஷ் பிற்காலத்தில் எழுதினார். அவர் பதில்: யுத்தம் நடந்தது, அந்த யோசனை ஓரளவு எல்லோருக்கும் தோன்றக்கூடியது, ஜெர்மானியர்களுக்கும் தோன்றியிருக்கும். அப்பாவை டாஹாவில் அடைத்த ஆட்சியைப் பற்றி அவர் அப்படி நினைத்ததை நான் மதிக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் எல்லோருக்கும் தோன்றக்கூடியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீல்ஸ் போருக்குத் தோன்றவில்லை. ஃபெர்மிக்குத் தோன்றவில்லை. சில வாரம் முன்பு வரை ஃபிரிஷுக்கே தோன்றவில்லை. ஜெர்மனியில் 1942இல் இராணுவத்துக்கு எழுதிய ஒரு அறிக்கையில் 10 முதல் 100 கிலோ என்ற மதிப்பீடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் 1945 ஆகஸ்ட் 6 அன்று இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க், ஹிரோஷிமா செய்தியை முதலில் நம்பவே இல்லை, 235 டன் கணக்கில் வேண்டுமே என்ற பேச்சு மறைத்து வைத்த ஒலிவாங்கியில் பதிவாகியிருக்கிறது. பயந்து ஓடிய பந்தயத்தில் எதிரி பெரும்பாலும் ஓடவே இல்லை. அது அன்று தெரிய வழியில்லை என்பதும் உண்மை.

மறுத்தவர்களும் இருந்தார்கள். குண்டு வேலைக்கு மைட்னரைக் கூப்பிட்டபோது குண்டோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்றார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று 1944 இறுதியில் தெரிந்ததும் ரோட்பிளாட் என்ற இயற்பியலாளர், குண்டைத் தயாரித்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைவிட்டு வெளியேறினார். முன்னறிவிப்பில்லாமல் ஜப்பான்மீது குண்டைப் போடக்கூடாது என்று 1945 ஜூனில் விஞ்ஞானிகள் சிலர் எழுதிய ஃபிராங்க் அறிக்கை, ஜூலையில் சிலார்டின் கையெழுத்து மனு, எதுவும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 6, 9. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் சுமார் 70,000 பேர்.

பையர்ல்ஸ் வயதான காலத்தில், இராணுவத் தலைவர்களோடும் அரசியல் தலைவர்களோடும் நாங்கள் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும், வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டு எழுதினார். பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்பது நிச்சயமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. 1945இல் பேசியவர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உழைத்துக் குண்டு தயாரான பிறகு பேசினார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. 1940 மார்ச்சில் அந்தக் கணக்கு இரண்டே பேர் கையில் இருந்தது. சில பக்கத் தட்டச்சுத் தாளுக்கு ஒரு பேரரசே அசைந்துகொடுத்தது. எந்த நிபந்தனையில் இதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தக்கூடாது என்று கேட்க ஒரு விஞ்ஞானிக்குப் பலம் இருந்த நேரம் அதுதான், பொதுமக்களைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் கணக்கைப் போலவே விடாமல் துரத்தியிருக்க முடியும்.